சினூக் பறக்க மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். பகல் முழுக்க பிரின்டரும் பில்லிங் மெஷினும். கடை அடைத்த பிறகு ஹெலிகாப்டர். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் சிஎச்-47எஃப் சினூக் என்ற இரட்டை ரோட்டர் ஹெலிகாப்டர் 2024 ஜூலையில் வந்தது. அன்றிலிருந்து நான் வேறு எதையும் ஓட்டுவதில்லை. பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் இதை ஓட்டும் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். சிக்கல் வந்தால் எனக்குத்தான் போன். “அண்ணே, ஏறவே மாட்டேங்குது.” “அண்ணே, தானாச் சுத்துது.” “அண்ணே, கேமே போயிருச்சு போல, அழிச்சுட்டு மறுபடி ஏத்திரவா?”

அழிக்க வேண்டாம். என்னிடம் வந்த சினூக் சிக்கல்களில் மறுபடி ஏற்றித் தீர்ந்தது ஒன்றுகூட இல்லை. பழுது அநேகமாக இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: கைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில், இல்லையென்றால் ஓட்டுகிற பழக்கத்தில். எது என்று பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

முதலில் சிவப்புக் கட்டம்

காக்பிட்டில் உட்கார்ந்ததும் வலது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு என்டரைத் தட்டுங்கள். திரை ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம் வரும். உள்ளே நகரும் குறி உங்கள் ஸ்டிக். இடப்பக்கக் கோட்டில் ஏறி இறங்குவது, ஹெலிகாப்டரை மேலே தூக்கவும் இறக்கவும் உதவும் கலெக்டிவ் லீவர். கீழே கிடக்கும் கோடு பெடல்.

ஸ்டிக்கை நாலு பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள். லீவரை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றி இறக்குங்கள். பெடலை இரண்டு பக்கமும் கடைசிவரை மிதியுங்கள். கை போன பக்கம் குறி போகிறதா? கடைசிவரை போகிறதா? கையை எடுத்தால் அசையாமல் நிற்கிறதா? குறி தப்பாக நகர்ந்தால் பழுது உங்கள் மேஜையில். ஹெலிகாப்டரை மறந்துவிட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். குறி சரியாக நகர்ந்தும் ஹெலிகாப்டர் கேட்கவில்லை என்றால் ஸ்டார்ட் செய்த முறை, எடை, ஓட்டும் விதம் இவற்றில் ஒன்று. இப்படிப் பிரித்துக்கொள்ளாமல் தேட ஆரம்பித்தால் விடிய விடியத் தேடலாம்.

இந்தச் சோதனையை என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மிஷனில், அதாவது விளையாட்டுக்குள் அமைத்த பறப்பில், செய்யுங்கள். குளிர்ந்த என்ஜினிலிருந்து தொடங்கினால் ஸ்டார்ட் செய்வதில் விட்ட பிழையும் ஆக்ஸிஸ் பிழையும், அதாவது கை அசைவு விளையாட்டுக்குள் போகும் தடத்தில் உள்ள பிழையும், ஒன்றாகக் கலந்துவிடும். இடம் எதுவானாலும் பரவாயில்லை. டிசிஎஸ்ஸில் நம்ம ஊர் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் காகசஸ் வரைபடத்தில், கருங்கடல் ஓரத்துப் பத்தூமி விமான நிலையத்தில்தான் நான் எல்லாச் சோதனையும் செய்கிறேன்.

லீவரை ஏற்றினால் இறங்குகிறது, இறக்கினால் ஏறுகிறது

ஆக்ஸிஸ் தலைகீழாக இருக்கிறது. ஆப்ஷன்ஸில் கன்ட்ரோல்ஸ், அதில் சிஎச்-47எஃப், அப்புறம் ஆக்ஸிஸ் கமாண்ட்ஸ். அந்த ஆக்ஸிஸைத் தொட்டு ஆக்ஸிஸ் ட்யூனைத் திறந்து இன்வெர்ட்டில் டிக் போடுங்கள். பட்டியலில் கலெக்டிவ் என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் த்ரஸ்ட் என்று தேடுங்கள். சினூக்காரர்கள் அந்த லீவரை அப்படித்தான் சொல்வார்கள்.

மேஜையில் இருப்பது விமான த்ராட்டில் என்றால், முன்னால் தள்ளி ஏறுவதா, பின்னால் இழுத்து ஏறுவதா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நான் இழுத்து ஏறுகிறேன். நிஜ ஹெலிகாப்டரில் லீவரை மேலே இழுக்கும் உணர்வுக்கு அதுதான் பக்கத்தில் வருகிறது. எதை எடுத்தாலும் அதிலேயே நில்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் பதற்றமான நேரத்தில் கை பழைய பக்கம்தான் போகும்.

ஒன்றை மிதித்தால் வேறொன்று அசைகிறது

தேவகோட்டைத் தம்பி ஒருவர் புதிதாகப் பெடல் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து சினூக் தலைகால் புரியாமல் ஆடியது. வலது பிரேக்கை மிதித்தால் மூக்கு குத்துகிறது, இடது பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் சாய்கிறது. பெடல் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டி கட்டிவிட்டார். நேரில் போய் ஆக்ஸிஸ் கமாண்ட்ஸைத் திறந்தேன். மூக்கை ஏற்றி இறக்கும் பிட்ச் வரிசையில் ஸ்டிக்குக்கு நேரே ஒரு ஆக்ஸிஸ், பெடலுக்கு நேரே இன்னொன்று. பக்கவாட்டில் சாய்க்கும் ரோல் வரிசையிலும் அப்படியே.

புதிதாக எந்தக் கருவியைச் செருகினாலும் அதன் முதல் சில ஆக்ஸிஸ்களைப் பிட்ச், ரோல், த்ராட்டில் என்று விளையாட்டு தானே ஒதுக்கிவிடும். ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் உடனே ஓட்டலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. மூன்று கருவி வைத்திருப்பவருக்கு அது சண்டையாகிவிடுகிறது. ஒரு ஹெலிகாப்டரை இரண்டு பேர் ஓட்டுகிற மாதிரி.

ஒவ்வொரு வரிசையிலும் குறுக்கே பாருங்கள். கீபோர்டு, ஸ்டிக், த்ராட்டில், பெடல், மவுஸ், கேம்பேட் என்று தனித்தனிப் பத்தி இருக்கும். பிட்ச், ரோல், பெடல், த்ரஸ்ட் இந்த நாலு வரிசையிலும் ஒரே ஒரு பத்தியில் மட்டும் பெயர் இருக்க வேண்டும். மற்றவற்றை கிளியர் செய்யுங்கள். வலக்கோடிக்குத் தள்ளிப் பார்க்க மறக்கவே கூடாது. திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும் கேம்பேட் பத்தியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். விமானிக்கும் துணை விமானிக்கும் தனித்தனிப் பட்டியல் இருந்தால் இரண்டிலும் பாருங்கள்.

தேவகோட்டைப் பெடல் இன்றைக்கும் நன்றாக உழைக்கிறது.

குறி நடுங்குகிறது

கையை எடுத்தபிறகும் கட்டத்துக்குள் குறி நடுங்கினாலோ, திடீரென்று ஒரு மூலைக்குத் துள்ளித் திரும்பினாலோ, நம்ம பக்கம் முதல் சந்தேகம் தூசிதான்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற பெரிய வீடு. கொரோனா நாளில் ஊருக்கு வந்த பேரன் ஒருவர் இரண்டாம் கட்டில் ஓர் அறையில் கம்ப்யூட்டரை வைத்துப் பழகிவிட்டு, அப்படியே துணி போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து சினூக்கை எடுத்தால் குறி கொசு மாதிரி பறக்கிறது. ஸ்டிக்கின் அடிப்பாகத்தைக் கழற்றினோம். உள்ளே இருந்தது பழைய ரகப் பொட்டென்ஷியோமீட்டர். கரித்தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும், அது நிற்கிற இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அந்தக் கறுப்புத் தடத்தின் நடுவில், ஸ்டிக் எப்போதும் ஓய்வாக நிற்கும் இடத்தில், செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு. விரல் நகத்தின் பிறை அளவுதான் இருக்கும். வளவைக் கூட்டும்போதெல்லாம் எழும்புகிற தூசி அத்தனையும் ஈரப்பசையோடு அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட்டு, ஒரே ஒரு தடவை பீய்ச்சி, ஸ்டிக்கை அந்த அச்சில் முப்பது நாற்பது முறை ஓட்டி, அரைமணி காயவிடுங்கள். பூட்டுக்கு விடும் துருநீக்கி எண்ணெயை ஊற்றக் கூடாது. எண்ணெய்ப் படலம் அடுத்த தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். தடம் தேய்ந்தே போயிருந்தால் ஸ்பிரே உதவாது, உறுப்பை மாற்ற வேண்டியதுதான். காந்தத்தால் உணரும் ஹால் சென்சார் ரகத்தில் உரசலே இல்லை. புதிதாக வாங்குபவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

டெட்ஸோனை, அதாவது நடுவில் ஸ்டிக் அசைந்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத பகுதியை, பெரிதாக வைத்து நடுக்கத்தை மூடிவைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டோ மூன்றோ வைக்கலாம். பத்து வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி ஆகிவிடும். ஒரே இடத்தில் மிதந்து நிற்பதற்குத் தேவையான நுணுக்கமான அசைவுகள் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கின்றன.

பெடல் நழுவுகிறது, நாற்காலி பின்னால் ஓடுகிறது

இது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள். அதனால்தான் அந்த வழவழப்பு. வருஷக்கணக்கில் கால் பட்டுப் பட்டு இன்னும் மெருகேறிய தரையில் பெடலை வைத்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் பெடல் முன்னால் போகும், நாற்காலி பின்னால் போகும், சினூக் மட்டும் திரும்பாது. கட்டத்தில் பெடல் கோடு கடைசிவரை போகாமல் பாதியில் நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பெடலுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் போடுங்கள். பெடலையும் நாற்காலியின் நடுத்தண்டையும் ஒரு நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்று விலகப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். சக்கரம் இல்லாத மர நாற்காலி இருந்தால் அதுவே உத்தமம். தரையில் பசை நாடா ஒட்டாதீர்கள், மெருகைச் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

ட்ரிம் பட்டனை விட்டதும் வெட்டி இழுக்கிறது

எனக்கு வருகிற போன்களில் பாதி இதற்குத்தான். ட்ரிம் என்றால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு நிலையில் நிறுத்திவைப்பது. பொறுமையாகப் படியுங்கள்.

நிஜ சினூக்கின் ஸ்டிக்கில் விமானி ஒரு பட்டனை அழுத்தினால் பிடிப்பு விடும். ஸ்டிக்கை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பட்டனை விட்டால் ஸ்டிக் அங்கேயே நிற்கும். கையை எடுத்தாலும் நிற்கும். உங்கள் மேஜையில் இருப்பது ஸ்பிரிங் வைத்த ஸ்டிக். அது எங்கே விட்டாலும் நடுவுக்குத்தான் ஓடி வரும். அதற்காக விளையாட்டு ஒரு கணக்குப் போடுகிறது: பட்டனை விட்ட நொடியில் ஸ்டிக் எங்கே இருந்ததோ அதையே புது நடுவாக எடுத்துக்கொள்கிறது.

தவறு எங்கே வருகிறதென்றால், பட்டனை விட்ட நொடியில் உங்கள் கை இன்னும் ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறது. புது நடுவும் முன்னால், அதற்கு மேல் உங்கள் தள்ளலும் முன்னால். ஒன்று இரண்டாகிவிடுகிறது. மூக்கு குத்துகிறது. பயந்து பின்னால் இழுக்கிறீர்கள், அது மறுபக்கம் அதிகமாகிறது. கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். குறி எட்டிக் குதிப்பது கண்ணுக்கே தெரியும்.

தீர்வு இரண்டு. ஆப்ஷன்ஸில் ஸ்பெஷல் என்ற பக்கத்தில் சிஎச்-47எஃபுக்கான ட்ரிம் முறையைப் பாருங்கள். ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும்வரை கை அசைவைக் கணக்கில் எடுக்காத முறை இருந்தால், ஸ்பிரிங் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டனை விட்டதும் கையைத் தளர்த்தி ஸ்டிக்கை நடுவுக்கு வரவிட வேண்டும். வரும்வரை எதைச் செய்தாலும் ஹெலிகாப்டர் கேட்காது. இதை அறியாமல் “கன்ட்ரோல் செத்துப்போச்சு அண்ணே” என்பவர்களும் உண்டு.

இரண்டாவது கைப்பழக்கம். பெரிதாக ஒரு ட்ரிம் போடாமல், கொஞ்சம் தள்ளு, அழுத்து, விடு, கையைத் தளர்த்து. மறுபடி கொஞ்சம் தள்ளு, அழுத்து, விடு. 100 நாட் வேகம் பிடிப்பதற்குள் நான் ஆறேழு முறை அழுத்துவேன். மொத்தமாகக் குழம்பிவிட்டால் திரும்பிப்போக ட்ரிம் ரீசெட்டுக்கு ஒரு பட்டன் கட்டாயம் ஒதுக்கிவையுங்கள்.

என்ஜின் பிடிக்கவில்லை

குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கும்போது வரிசை முக்கியம். பாட்டரி, அப்புறம் ஏபியூ என்கிற துணை என்ஜின், அது நிலைத்த பிறகு அதன் ஜெனரேட்டர், அதற்கப்புறம்தான் பெரிய என்ஜின்கள். ஏபியூ நிலைக்கும் முன்பே அடுத்த சுவிட்சுக்குப் போகும் அவசரம்தான் பெரும்பாலான பழுது. என்ஜின்கள் பிடித்து ரோட்டர் சுற்றினாலும், என்ஜின்களின் நிலையை மாற்றும் கண்டிஷன் லீவர் இரண்டும் கிரவுண்ட் என்ற நிலையில் இருந்தால் ரோட்டர் முழு வேகத்துக்கு வராது. ஃபிளைட்டுக்குத் தள்ளி, ரோட்டர் வேகம் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே த்ரஸ்டைத் தொடுங்கள். சினூக்கின் மூன்று இறக்கை ரோட்டர்கள் நிமிடத்துக்கு 225 சுற்றுதான் சுற்றும். பார்வைக்கு மெதுவாகத்தான் இருக்கும், அதைக் கண்டு பழுது என்று நினைக்க வேண்டாம்.

தரையில் நகரவில்லை, அல்லது வளையவில்லை

பார்க்கிங் பிரேக். அதை எடுத்துவிட்டும் வளையவில்லை என்றால் பின்சக்கரங்களின் ஸ்விவல் சுவிட்சைப் பாருங்கள். பூட்டிய நிலையில் இருந்தால் நேராகத்தான் போகும். வலது பின்சக்கரத்தைத் திருப்பத் தனிக் குமிழ் உண்டு, சுவிட்ச் ஸ்டியர் நிலையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். தரையில் ஸ்டிக்கை நிறைய முன்னால் தள்ளி இழுத்துக்கொண்டு போகப் பார்க்காதீர்கள். த்ரஸ்டைக் கொஞ்சம் கூட்டினால் அதுவே நகரும்.

எழும்பியதும் இடப்பக்கம் சுற்றுகிறது

வேறு ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு வருவது இது. ஹூயியிலோ அப்பாச்சியிலோ ஒரே பெரிய ரோட்டர், அதன் எதிர்விசையை அடக்க வால் ரோட்டர். எழும்பும்போது இடது பெடலை மிதித்தே தீர வேண்டும். சினூக்கில் முன்ரோட்டர் ஒரு திசையிலும் பின்ரோட்டர் எதிர்த்திசையிலும் சுற்றி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வால் ரோட்டரே கிடையாது. மிதிக்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் பழைய பழக்கத்தில் கால் மிதிக்கிறது, அது சுற்றுகிறது.

கட்டத்தில் பெடல் கோட்டைப் பார்த்துக்கொண்டே எழும்புங்கள். குறி நடுவிலிருந்து விலகினால் உங்கள் கால்தான். கோட்டையூர்த் தம்பி ஒருவரை முதல் நாலு நாள் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டே எழும்பச் சொன்னேன். அப்புறம் சரியாகிவிட்டது.

குறி நடுவில் நின்றும் மூக்கு தன்பாட்டுக்கு அலைந்தால் ஏஎஃப்சிஎஸ் சுவிட்ச் போத் என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரோட்டர் ஹெலிகாப்டர் இயல்பாகவே திசையில் நிலைக்காது. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தானியங்கி அமைப்புதான். அது அணைந்திருந்தால் யார் ஓட்டினாலும் அலையும்.

சக்தி போதவில்லை, திருகுவிசை சிவப்பைத் தொடுகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். சினூக்கின் அதிகபட்ச எடை 50,000 பவுண்டு, அதாவது 22,680 கிலோ. காலி எடை சுமார் 11 டன். டேங்க் முழுக்க எரிபொருள் நிரப்பினால் சுமார் 3 டன். மிச்சம் எட்டு டன் சொச்சம்தான். நடுக் கொக்கியின் தாங்குதிறன் 26,000 பவுண்டு, கிட்டத்தட்ட 11.8 டன் என்று படித்துவிட்டு, முழு டேங்கோடு 11 டன் தொங்கவிட்டால் எப்படி ஏறும்? கொக்கி தாங்கும், ஹெலிகாப்டர் தூக்காது. இரண்டும் வேறு வேறு. பெரிய சுமை என்றால் எரிபொருளைப் பாதிக்கும் கீழே குறையுங்கள்.

அடுத்து வெயில். மிஷன் அமைக்கும்போது “நம்ம ஊர் மாதிரி இருக்கட்டும்” என்று 40 டிகிரி வைத்துவிடுகிறார்கள். கடல்மட்டத்தில் தர அளவு 15 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 120 அடி உயரத்துக்குப் போன மாதிரி மெலியும். 40 டிகிரியில் கடற்கரையில் நின்றாலும் ரோட்டருக்குக் கிடைப்பது 3,000 அடி உயரத்துக் காற்று. என்ஜினுக்கும் அதே மெலிந்த காற்றுதான். சித்திரை வெயிலில் சினூக்கும் நம்மைப் போலத்தான் மூச்சு வாங்கும்.

இந்திய விமானப்படை 2015-ல் 15 சினூக்குகளுக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் நான்கும் 2019 மார்ச்சில் சண்டிகரில் படையில் சேர்ந்தன. அங்கிருந்து இமயமலைக்கு ஏறுகிற விமானிகள் ஒவ்வொரு முறையும் உயரம், வெப்பம், எடை மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்தக் கணக்கை விளையாட்டிலும் போடுவது எனக்குப் பிடித்த வேலை. மலை வரைபடத்தில் நாலு டன் சொச்சம் உள்ள எம்777 பீரங்கியைத் தொங்கவிட்டு, எவ்வளவு எரிபொருளோடு எந்த உயரம்வரை போகலாம் என்று பார்த்துப் பழகுங்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். சினூக்கில் பின்ரோட்டர் முன்ரோட்டர் கலக்கிவிட்ட காற்றில் உழைக்க வேண்டியிருக்கிறது. பக்கக் காற்று அந்தக் கலங்கலைத் தள்ளிவிடுவதால் மிதந்து நிற்கும்போது சக்தி கொஞ்சம் மிச்சமாகும். மற்ற ஹெலிகாப்டர்களில் பக்கக் காற்றுக்குப் பயந்தவர்கள் இங்கே பயத்தை விடலாம்.

இறங்கும்போது தொப்பென்று விழுகிறது

லீவரை ஏற்ற ஏற்ற இன்னும் வேகமாக விழுந்தால், ரோட்டர் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. 40 நாட் வேகத்துக்குக் கீழே வந்துவிட்டால் நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்காதீர்கள். இது பாதுகாப்பான கணக்கு. மாட்டிக்கொண்டால் உயரம் இருக்கும்போதே பக்கவாட்டில் ஸ்டிக்கைச் சாய்த்து வெளியே வாருங்கள். முன்னால் போனால் பின்ரோட்டர் முன்ரோட்டரின் கலங்கலுக்குள் போகும். பக்கவாட்டில் போனால் இரண்டும் ஒரே நேரத்தில் நல்ல காற்றுக்கு வந்துவிடும்.

வேகம் சரியாக இருந்தும் தரையில் இடித்தால் அது கண் செய்யும் பிழை. சினூக் மிதக்கும்போது மூக்கு சற்று மேலே தூக்கியிருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 22 அடிக்கு மேல் இடைவெளி. முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இன்னும் உயரம் இருக்கிற மாதிரி தெரியும்போதே பின்சக்கரம் தரையைத் தொட்டுவிடும். அது தொட்டதும் பதறாமல், த்ரஸ்டை மெதுவாக இறக்கி முன்பக்கத்தை வைக்க வேண்டும். முறை அதுதான்.

தொங்கும் சுமை ஊசலாடுகிறது

சினூக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எல்லோரும் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான்.

கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாளி சுவரில் இடிக்கிறது என்று கயிற்றை எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்தால் அடுத்த ஆட்டத்தில் இன்னும் பலமாக இடிக்கும். கையை நிறுத்தி, வாளி நடுவுக்கு வரும்போது கயிறும் அதன் மேல் இருக்கிற மாதிரி லேசாக நகர்த்தினால் தானாக அடங்கும். எங்கள் அப்பத்தா பெரிய வெண்கல வாளியை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏற்றுவார்கள். கயிற்றை வேகமாக இழுத்து நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பிடிக்கும் நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும். வாளி அசைவு தீரும்வரை கை காத்திருக்கும்.

ஆட்டத்தின் நேரம் எடையைப் பொறுத்ததில்லை, கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் கயிற்றில் போய்த் திரும்ப 6 விநாடிக்குக் கொஞ்சம் மேல். 20 மீட்டரில் 9 விநாடி. வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். அந்த 6 விநாடிக்குள் நீங்கள் மூன்று முறை ஸ்டிக்கை ஆட்டிவிட்டால் சுமைக்குத் தாளம் தட்டிக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆட்டம் தொடங்கியதும் ஸ்டிக்கை அசைக்காமல் இரண்டு ஆட்டம் காத்திருங்கள். பெரும்பாலும் குறைந்துவிடும். குறையவில்லை என்றால் சுமை போகிற பக்கமாக ஹெலிகாப்டரைக் கொஞ்சம் கூடவே நகர்த்தி அதன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். முன்னோக்கிப் போகும்போது ஆடினால் வேகத்தை மெதுவாகக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் சுமை முன்னால் வீசும்.

கிளம்பும்போதும் அப்படியே. கொக்கி மாட்டியதும் நேரே மேலே எழும்பிக் கயிறு இறுகும்வரை பொறுங்கள். இறுகியதும் ஒரு நொடி நிறுத்தி, சுமைக்கு நேர் மேலே இருக்கிறோமா என்று பார்த்து, அப்புறம் தூக்குங்கள். சாய்வாக இழுத்துத் தூக்கினால் தரையை விட்ட முதல் நொடியிலேயே ஊசல் பிறந்துவிடும். நிஜ சினூக்கில் முன், நடு, பின் என மூன்று கொக்கிகள் இருப்பதும் இதற்காகத்தான். நீளமான சுமையை முன்கொக்கியிலும் பின்கொக்கியிலுமாக மாட்டினால் சுற்றாமல், ஆடாமல் வரும்.

கொக்கியே மாட்டவில்லை என்றால், கொக்கிகளுக்கான சுவிட்ச் ஆர்ம் என்ற நிலையில் இருக்கிறதா, சுமைக்கு நேர் மேலே தாழ்வாக, அசையாமல் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

படம் விட்டு விட்டு ஓடுகிறது

அப்டேட் வந்த மறுநாள் தொடங்கியிருந்தால், சேவ்டு கேம்ஸ் ஃபோல்டரில் டிசிஎஸ்ஸுக்குள் எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 என்ற இரண்டு ஃபோல்டர்களின் உள்ளே இருப்பதை அழியுங்கள். முதல்முறை திறக்க நேரமாகும், அப்புறம் சரியாகும். வெளியிலிருந்து எடுத்துப் போட்ட மாட்களைச் சந்தேகப்பட்டால், சேவ்டு கேம்ஸில் உள்ள டிசிஎஸ் ஃபோல்டரின் பெயரையே மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். விளையாட்டு புத்தம்புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அதில் நன்றாக ஓடினால் குற்றம் பழைய ஃபோல்டரில்தான். எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று நீங்கள் ஒதுக்கிய பைண்டிங் எல்லாம் பழையதற்குள் பத்திரமாக இருக்கும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திணறினால் சூடு. கேபினெட் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மின்விசிறியையும் தூசியையும் கவனியுங்கள்.

பறக்கும்போது ஸ்டிக் காணாமல் போகிறது

யுஎஸ்பியைச் சேமிப்பு நிலைக்குப் போகவிடும் அமைப்பை விண்டோஸில் அணைத்துவிடுங்கள். ஒரே ஹப்பில் நாலு கருவி தொங்கினால் தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்குங்கள். விண்டோஸை மறுபடி ஏற்றினாலோ சில கருவிகளில் போர்ட்டை மாற்றினாலோ பைண்டிங் காணாமல் போன மாதிரி தெரியும். விளையாட்டு ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண்ணை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆகவே எல்லாம் சரியாக இருக்கிற ஒரு நாளில், ஒவ்வொரு பத்தியையும் சேவ் ப்ரொஃபைல் கொடுத்து வேறு டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால், யாரிடம் கேட்பதானாலும் மூன்று பொருளோடு போங்கள். சேவ்டு கேம்ஸுக்குள் லாக்ஸ் ஃபோல்டரில் இருக்கும் டிசிஎஸ் லாக் கோப்பு. பறந்து முடித்ததும் சேமித்துக்கொள்ளக்கூடிய ட்ராக் கோப்பு. அதை ஓடவிட்டால் உங்கள் கை ஒவ்வொரு நொடியும் என்ன செய்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும். அப்புறம், பழுது நடக்கிற நேரத்தில் சிவப்புக் கட்டம் தெரிகிற மாதிரி ஒரு படம். எனக்குப் போன் செய்கிற பையன்கள் இப்போது அந்தப் படத்தை முதலில் அனுப்பிவிட்டுத்தான் “அண்ணே” என்கிறார்கள்.